பெயர் ஓடிய நேரம்

கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி.
இல்லை, சட்டமே இல்லாத கண்ணாடி.
சட்டைப் பையில் இரண்டு பேனா என்கிறேன் நான்.
ஒன்று பேனா, இன்னொன்று சீப்பு என்கிறாள் பிலோமி,
திண்டுக்கல்லிலிருந்து, போனில்,
குக்கரை ஒரு காதால் கேட்டபடி.

எண்பத்து இரண்டா, மூன்றா?
ஆனந்தகிரி ஏழாவது தெருவுக்கு ஒரே டிவி,
பீர்க்கண் வீட்டில். தைலம் விற்ற காசு.
சென்னை எங்களுக்கு எட்டாது.
கடல் தாண்டி இலங்கை எட்டும்,
மழைக்கு முன்னால் இன்னும் நன்றாக எட்டும்.

வியாழக்கிழமை, சிங்களச் செய்தி முடிந்ததும்
கால் மணி நேரம் தமிழ்.
ஒரு மனிதர், ஒரு மேசை, ஒரு கிளாஸ் தண்ணீர்.
பேசுவார் என்று சொல்லக் கூடாது; கதைப்பார்.
"பிள்ளைகளே, இன்றைக்குத் துருவைப் பற்றிக் கதைப்போம்."
உப்பு ஏன் கசிகிறது என்று ஒரு வாரம்.
ஈசல் ஏன் விளக்கைத் தேடுகிறது என்று ஒரு வாரம்,
அதற்குத் தனக்கும் பதில் தெரியாது என்று முடித்தார்.
அவர் பெயர் வேண்டும் எனக்கு.
வேறொன்றும் வேண்டாம்.

பெருமாள்மலையில் சிவனு இருக்கிறார்,
பதுளைத் தோட்டத்தில் பிறந்து
கப்பலில் திரும்பி வந்தவர்.
அவரிடம் அந்தக் குரலில் பேசிக் காட்டினேன்.
இரண்டு தடவை கேட்டார்.
"யாழ்ப்பாணமில்ல. மட்டக்களப்பா இருக்கலாம்."
பீடியைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"இல்ல, நீங்க பேசுறது கொடைக்கானல்."

முகத்தை வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.
கண்ணாடி வந்தது. பேனா வந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் வரைய
ஒன்றுமில்லை.

அப்போதுதான் உறைத்தது.
நான் அந்த அறைக்குள்ளேயே இல்லை.

தகரக் கூரைமேல் நின்றிருந்தேன்.
ஆன்டெனா திருப்புவது என் வேலை.
"தெரியுதா?"
"கோடு ஓடுது."
"இப்ப?"
"ஆளு ரெண்டா தெரியிறாரு."
"இப்ப?"
"அப்படியே புடி. விட்டுறாத."

விடவில்லை, எத்தனையோ வியாழன்.
கண்ணாடியும் பேனாவும்
இறங்கி வரும்போது பிலோமி சொன்னவை.
தகர இடுக்கு வழியே ஏறி வந்த
குரல் மட்டும் எனக்குச் சொந்தம்.

கடைசி வியாழன், ஆனி முடியும் நேரம்.
பெரியகுளத்துப் பக்கம் வானம் வெட்டிக்கொண்டிருந்தது.
அவர் மின்னலைப் பற்றிக் கதைத்தார்.
வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள், பிள்ளைகளே.
மூன்று வரை எண்ணினால் ஒரு கிலோமீட்டர்.
கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம்.
பிறகு:
"உயரத்தில் ஏறி நிற்க வேண்டாம்.
கையில் உலோகம் எதையும் பிடித்திருக்க வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
இரண்டு கையிலும் ஈர அலுமினியம்.
கீழே பதினாறு பேர்,
ஒருவருக்கும் தோன்றவில்லை.
படம் அன்றைக்கு அவ்வளவு துல்லியம்.

பிலோமி வெளியே ஓடிவந்தாள்,
ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு.
"எறங்குடா நாயே, எறங்கு!"
கையை எடுத்தேன்.
ஆன்டெனா தானாகச் சுழன்று
வட்டக்கானலைப் பார்த்து நின்றது.
உள்ளே பதினைந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.
அந்த நேரத்தில்தான் திரையின் அடியில்
பெயர் ஓடியிருக்க வேண்டும்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை.
அதற்கடுத்த வியாழன்,
ஆடி பிறந்துவிட்டது,
ரேடியோவில் கொழும்பு எரிந்துகொண்டிருந்தது.
அப்படியென்றால் எண்பத்து மூன்றுதான்.
அதைப் பற்றிச் சிவனு கதைப்பதில்லை.
நானும் கேட்பதில்லை.

நேற்று பிலோமியிடம் கேட்டேன்,
விளையாட்டாகத்தான்:
ஒரு நிமிஷம் பொறுத்து வந்திருந்தால்
பெயரைப் பார்த்திருப்பாயே?

அவள் சிரிக்கவில்லை.
"வெட்டினதும் எண்ணினேன்டா" என்றாள்.
"ரெண்டுகூட முடியல."